ட்ரோப்போனின் கூடியிருந்தால் மாரடைப்புதானா? கோத்தகிரி வாசகிக்கு ஒரு சிறுநீரக மருத்துவரின் பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் ஊட்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்ததால் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸை வியாழனுக்குத் தள்ளிவைத்தோம். புதன் ராத்திரி மூச்சு வாங்கியது, நெஞ்சை அடைக்கிறது என்றார். பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, 'ட்ரோப்போனின் பாசிட்டிவ், 0.068, ஹார்ட் அட்டாக், உடனே கோவைக்குக் கொண்டுபோங்கள்' என்றார்கள். கோவையில் எடுத்தபோது 66 என்று வந்தது. மூன்று மணி நேரம் கழித்து 67. இடைப்பட்ட நேரத்தில் 0.068 எப்படி 66 ஆகும்? ஆனால் அங்கே 'இது அட்டாக் இல்லை, உடம்பில் தண்ணீர் கோத்திருக்கிறது' என்று சொல்லி டயாலிசிஸ் மட்டும் செய்து அனுப்பிவிட்டார்கள். ஆஞ்சியோ எடுக்கவில்லை. இன்னொரு டெஸ்டில் '35000-க்கு மேல்' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். முதலில் பார்த்த மருத்துவமனை எங்களை ஏமாற்றியதா? இனிமேல் பாசிட்டிவ் என்று வந்தால் கண்டுகொள்ளாமல் விடலாமா? கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா? மே மாதம் ஈரோட்டில் தம்பிக்குக் கல்யாணம். அப்பாவை அழைத்துப் போகலாமா?

பதில்: ரிப்போர்ட்டுகளையும் படமெடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அந்த 0.068 என்னையும் கொஞ்ச நேரம் சுற்றவிட்டிருக்கும்.

முதல் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று கணக்கு. கோவை ரிப்போர்ட்டில் ஒரு லிட்டருக்கு இத்தனை நானோகிராம். ஆயிரம் மில்லிலிட்டர் ஒரு லிட்டர். 0.068-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 68. ஆக, உங்கள் அப்பாவின் எண் அந்த ராத்திரியில் 68, 66, 67. ஒன்றுமே ஏறவில்லை. கிலோவில் எழுதியதையும் கிராமில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். உங்கள் தப்பு இல்லை. இரண்டு ஆய்வகங்களும் இரண்டு அளவில் எழுதினால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

ட்ரோப்போனின் என்பது இதயத் தசை சுருங்கி விரிய உதவும் ஒரு புரதம். அது தசைக்குள் இருக்க வேண்டியது. தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். டி, ஐ என்று இரண்டு வகையை அளக்கிறார்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு, ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. உங்களுடைய மூன்று ரிப்போர்ட்டும் டி வகைதான். இப்போதைய நுட்பமான சோதனையில் ட்ரோப்போனின் டி லிட்டருக்கு 14 நானோகிராமுக்கு மேல் போனால் 'அதிகம்' என்று கணினியே தடித்த எழுத்தில் அச்சடித்துவிடும். ஆனால் அந்த 14 என்பது ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை வைத்துப் போட்ட கோடு. டயாலிசிஸில் இருப்பவர்களை எந்த நோவும் இல்லாத ஒரு நாளில் கூப்பிட்டு ரத்தம் எடுத்தால் ஏறத்தாழ எல்லோருமே அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருப்பார்கள். 50, 60 என்பதெல்லாம் எங்கள் வார்டில் சர்வ சாதாரணம்.

அதனால் எங்களுக்கு முக்கியம் எண் எவ்வளவு என்பதைவிட, அது நகர்கிறதா என்பது. மாரடைப்பில் தசை செத்துக்கொண்டிருக்கும்போது எண் நின்ற இடத்தில் நிற்காது, மணிக்கு மணி ஏறும். ஏற்கெனவே எண் கூடியிருக்கும் டயாலிசிஸ் நோயாளியிடம், சில மணி நேர இடைவெளியில் 20 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் புதிதாக ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் அப்பாவுக்கு 66 என்பது 80-ஐத் தொட்டிருந்தால் கோவையில் கதையே வேறாகியிருக்கும். 67 என்று வந்தது. ஈசிஜியும் பழைய ஈசிஜி மாதிரியே இருக்கிறது. எக்கோவில் இடது கீழறையின் சுவர் தடித்திருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் அசைவு புதிதாகக் குறையவில்லை. தண்ணீரை இறக்கியதும் மூச்சு சீரானது. இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் கோவை மருத்துவர்கள் சொன்னதோடு எனக்கும் உடன்பாடுதான்.

சரி, முதலில் பார்த்தவர்கள் ஏமாற்றினார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரி நேரம், சர்க்கரை உள்ள 61 வயதுக்காரர், நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல், கையில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, பழைய எண் எதுவும் கிடையாது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் கீழே அனுப்பியிருப்பேன். எப்படியும் அவருக்கு அன்று ராத்திரி டயாலிசிஸ் தேவைப்பட்டது. 'ஹார்ட் அட்டாக்' என்று அடித்துச் சொல்லாமல் 'இருக்கலாம், பார்த்தாக வேண்டும்' என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையால் குஞ்சப்பனை தாண்டி மேட்டுப்பாளையம் வந்து சேரும்வரை நீங்கள் பட்ட பாடு கடிதத்தில் தெரிகிறது.

'இனிமேல் கண்டுகொள்ளாமல் விடலாமா' என்று கேட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் ஒருமுறை அப்படி விட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மலையூர் மருத்துவமனையில் ராத்திரிப் பணி. தேயிலை பறிக்கும் வேலை செய்த ஓர் அம்மா, டயாலிசிஸ் நோயாளி, இரண்டு தடவை வாந்தி எடுத்துத் தோள்பட்டை வலி என்று வந்தார். நெஞ்சுவலி இல்லை. ட்ரோப்போனின் பாசிட்டிவ். 'டயாலிசிஸ்காரர்களுக்கு இது எப்போதும் இப்படித்தான்' என்று நர்சிடம் பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டு, இரண்டாவது ரத்தம் எடுக்காமல் படுக்கப் போய்விட்டேன். காலையில் எடுத்தபோது நாலு மடங்கு ஏறியிருந்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தின் பம்பு செய்யும் திறன் பாதியாகக் குறைந்துவிட்டது. அன்றிலிருந்து ஒற்றை எண்ணை வைத்து 'ஆமாம்' என்றும் சொல்வதில்லை, 'இல்லை' என்றும் சொல்வதில்லை.

உங்கள் அப்பா நன்றாக இருக்கும் ஒரு நாளில், டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுத்த ட்ரோப்போனின் எண் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஊட்டியில் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். முன்னால் என்று சொல்வதற்குக் காரணம், டயாலிசிஸ் முடிந்தபின் எடுத்தால் சிலருக்கு எண் இறங்கும், சிலருக்கு ஏறும். மாதாமாதம் எடுக்க வேண்டியதில்லை, அது வீண் செலவு. வருடத்துக்கு ஒருமுறை போதும், முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில். அந்த எண்ணை டி வகை என்றும் எந்த அளவில் என்றும் சேர்த்து எழுதி, கடைசி ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட்டோடு உங்கள் போனிலும் அம்மா போனிலும் படமாக வைத்திருங்கள். அடுத்த தடவை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். '68, பழையதும் 66' என்று தெரிந்தால் அங்கிருப்பவர் உங்களோடு பேசும் விதமே மாறிவிடும்.

அட்டாக் இல்லையென்றால் 66 ஏன் என்று அடுத்து கேட்பீர்கள். சிறுநீரகம் வெளியேற்றாததால் தேங்குகிறது என்று ஒரு பதில் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதோடு முடிவதில்லை. வருடக்கணக்கான ரத்த அழுத்தமும் தண்ணீர்ச் சுமையும் சேர்ந்து இதயச் சுவரைத் தடிக்க வைத்திருக்கின்றன. தடித்த சுவருக்கு உள்ளே போகும் சின்ன ரத்தக் குழாய்கள் போதவில்லை. ரத்தசோகை, பாஸ்பரஸ் கூடுவதால் குழாய்களில் படியும் சுண்ணாம்பு, இவையும் தங்கள் பங்கைச் செய்கின்றன. இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் அந்த எண் காட்டுகிறது. எண் கூடக்கூட வரும் வருடங்களில் இதயத்தால் ஆபத்தும் கூடுகிறது என்பது பலமுறை நிரூபிக்கப்பட்ட விஷயம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே டயாலிசிஸ் நோயாளிகளின் எதிர்கால ஆபத்தைக் கணிக்க ட்ரோப்போனின் டி-யைப் பயன்படுத்த அனுமதி தந்துவிட்டது. அதாவது, அன்றைக்கு அது அட்டாக் இல்லை என்பது நல்ல செய்தி. 66 என்பது மட்டும் நல்ல செய்தி இல்லை.

அம்மாவை அழ வைத்த 35000, வேறொரு பரிசோதனை. இதய அறைகள் தண்ணீரால் இழுபடும்போது சுரக்கும் பொருள் அது, சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது. வெளியேற வழி இல்லாதவரிடம் ஆயிரக்கணக்கில் இருப்பது வழக்கம். பல கருவிகள் 35000-க்கு மேல் எண்ணுவதில்லை, அதனால் அப்படி அச்சாகிறது. பொங்கலுக்குப் பிறகு அந்த அளவு தண்ணீரோடு போனவருக்கு அப்படித்தான் வரும். அம்மாவிடம் சொல்லுங்கள்.

இனி அந்தப் பொங்கல். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்தவர் புதன் ராத்திரி வரை ஐந்து நாள் இருந்திருக்கிறார். வீட்டில் விசேஷம் என்றால் யாரைக் குறை சொல்வது? ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை இந்த இடைவெளிதான் மோசமானது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் அமெரிக்க நோயாளிகள் 32,000 பேரைப் பார்த்து 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு நாள் இடைவெளி முடியும் நாளில்தான் மரணங்களும், இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்வதும் கூடுதல் என்று அதில் தெரிந்தது. அவர்களுக்கு இரண்டு நாளே அப்படி என்றால், வாரம் இருமுறை செய்பவருக்கு ஒரு முறையைத் தள்ளுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். தண்ணீர் மட்டும் இல்லை, பொட்டாசியமும் சேர்ந்து இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். அடுத்த பண்டிகைக்கு முன்கூட்டியே சொன்னால் ஒரு நாள் முன்னால் செய்ய இடம் கேட்கலாம். பின்னால் மட்டும் தள்ளாதீர்கள். வாரம் மூன்று முறை செய்ய முடியுமா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவு பெரிய தடையாக இருக்காது. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு மூன்றாவது நாளும் பஸ் ஏறி இறங்குவதுதான் பாடு, அது எனக்குத் தெரியும்.

தண்ணீர் ஏறுவது போலவே அதை அவசரமாக இறக்குவதும் இதயத்துக்கு அடிதான். உங்கள் அப்பாவின் உலர் எடை, அதாவது கூடுதல் தண்ணீர் எல்லாம் இறங்கியபின் இருக்க வேண்டிய எடை, 54 கிலோ. ஒரு மணி நேரத்தில் எடைக்குக் கிலோவுக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் இழுத்தால் ஆபத்து கூடுகிறது என்பது நாங்கள் கைக்கொள்ளும் கணக்கு. அவருக்கு அது மணிக்கு 700 மில்லி, நாலு மணி நேரத்துக்கு 2.8 லிட்டர். அன்று அவர் உடம்பில் 4.5 லிட்டர் இருந்தது. கோவையில் ராத்திரி கொஞ்சமும் மறுநாள் மீதியும் எடுத்தது இதனால்தான். ஒரே மூச்சில் இழுத்திருந்தால் பிரஷர் இறங்கி, இதயத் தசை சில இடங்களில் ரத்தம் போதாமல் மரத்துப்போகும். அடிக்கடி இப்படி நடந்தால் அந்த இடங்கள் திரும்பவே திரும்பாது. 'கடைசி அரை மணி நேரம் வேண்டாம், பஸ் போய்விடும்' என்று சீக்கிரம் எழுந்துவிடும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

மலைக்கே உரிய ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு மார்கழியில் ஊட்டி டயாலிசிஸ் வார்டில் ஒருவருக்கு மூன்று வாரமாக முடியும் நேரத்தில் பிரஷர் விழுந்துகொண்டே இருந்தது. கால் பிடித்து இழுக்கிறது என்று கத்துவார். மெஷினைப் பார்த்தோம், மருந்தைப் பார்த்தோம், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கவனித்த நர்ஸ்தான் கண்டுபிடித்தார். வரும்போது அவர் இரண்டு ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா, ஷூ எல்லாவற்றோடும் ஏறி எடை பார்க்கிறார். படுக்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார். உலர் எடை குறித்தது மே மாதத்தில், ஒற்றைச் சட்டையில். ஒன்றரைக் கிலோ கம்பளியைத் தண்ணீர் என்று நினைத்து நாங்கள் உறிஞ்சிக்கொண்டிருந்தோம்! உங்கள் அப்பாவையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உடுப்பில், ஷூ இல்லாமல் ஏறச் சொல்லுங்கள். வீட்டிலும் ஒரு எடை மெஷின் வாங்கி, காலையில் எழுந்ததும் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

குளிரைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பிரஷர் விழுவது குறையும். ஆனால் மலையில் எல்லோரும் நடுங்கிக்கொண்டே, 'சிஸ்டர், சூட்டைக் கூட்டுங்க' என்பார்கள். கனடாவில் எல்லா நோயாளிகளுக்கும் குளிர்த்திப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2022-ல் வந்தது. மரணமோ இதயக் கோளாறோ குறையவில்லை, நடுக்கம்தான் கூடியது. ஆகவே பிரஷர் விழுகிறவருக்கு மட்டும் குளிர்த்துவேன், மற்றவர்களை இன்னொரு கம்பளி போர்த்திப் படுக்க விடுவேன். அப்பா எந்த வகை என்று ஊட்டியில் தெரியும்.

மலையில் வியர்வை கிடையாது. சமவெளிக்காரருக்குத் தோல் வழியாகப் போகும் தண்ணீர் உங்களுக்குப் போவதில்லை. குளிருக்கு டீயோ நாளெல்லாம் ஓடும். ஃபேக்டரியில் இருந்தவருக்கு டீயைக் குறையுங்கள் என்று சொல்வது எளிதில்லை. அவர் குடிக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். 150 மில்லி என்றால் ஆறு டம்ளரிலேயே 900 மில்லி போய்விடும். சிறுநீர் எவ்வளவு வருகிறதோ அதோடு அரை லிட்டர் என்பது நாங்கள் சொல்லும் பொதுக் கணக்கு. டம்ளரைச் சின்னதாக்குங்கள், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். அவர் கோபித்துக்கொள்ளாத ஒரே வழி எனக்குத் தெரிந்து அதுதான். உப்பு குறைந்தால் தாகம் தானாகக் குறையும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஊட்டி உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கவும். பட்டர் ஃப்ரூட் கூடவே கூடாது.

கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றி: சர்க்கரையோடு டயாலிசிஸில் இருப்பவர்களிடம் ஜெர்மனியில் அடோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005-லும், பல நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் ரோசுவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த இன்னொன்று 2009-லும் வெளியாயின. இரண்டிலும் மாரடைப்பும் இதய மரணமும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அதனால் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு புதிதாகத் தொடங்குவதில்லை. முன்பிருந்தே சாப்பிட்டு வந்தால் நிறுத்துவதும் இல்லை. நீங்கள் அனுப்பிய சீட்டில் அந்த மாத்திரை இல்லை, ஆகவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது அதைச் சாப்பிடுகிறார் என்றால், அவருக்கு ஸ்டென்ட் வைத்து அதற்காக எழுதியிருப்பார்கள், அது வேறு கணக்கு.

ஆஞ்சியோ எடுக்காததும் குறை இல்லை. முற்றிய சிறுநீரக நோயும், திடீரென்று மோசமாகாமல் நிலையாக இருக்கும் இதய அடைப்பும் சேர்ந்தவர்கள் 777 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனவர்கள், மருந்தோடு இருந்தவர்களைவிட நீண்ட நாள் வாழவில்லை. மாரடைப்பும் குறையவில்லை. நடந்தால் நெஞ்சைப் பிடிக்கிறது, எக்கோவில் பம்பு குறைகிறது, எண் ஏறுகிறது என்றால் அப்போது இதய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எப்போது ஓட வேண்டும்? நெஞ்சில் பாரமோ மூச்சுத்திணறலோ பத்து நிமிடம் உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால். காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால், தாடையோ தோளோ வலித்து வாந்தி வந்தால், மயங்கினால். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். 108-ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்திருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது முதலில் போய்விடுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் முதலுதவி மாத்திரைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் வாசலிலேயே சொல்ல வேண்டியது, 'இவர் டயாலிசிஸ் நோயாளி' என்பது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் சில ஊசிகள் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை, அளவு மாறினால் ரத்தக்கசிவு வரும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையில் வேறு ஊசியும் போடக் கூடாது, பிரஷரும் பார்க்கக் கூடாது.

தம்பி கல்யாணத்துக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஈரோட்டிலேயே ஒரு டயாலிசிஸ் கிடைக்குமா என்று ஒரு மாதம் முன்னதாகவே விசாரித்து வைக்கவும். மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்ஐவி பரிசோதனை முடிவுகளைப் புதிதாகக் கேட்பார்கள். ஊட்டியிலிருந்து உலர் எடை, டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தின் அளவு எழுதிய சீட்டும் வேண்டும். மே மாத ஈரோட்டில் தாகம் எடுக்கும், பந்தலில் யாராவது கூல் டிரிங்க்ஸ் நீட்டிக்கொண்டே இருப்பார்கள், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்புறம், ஊட்டிச் சீட்டில் இருக்கும் 54 கிலோ ஸ்வெட்டரோடா, ஸ்வெட்டர் இல்லாமலா என்று நர்சிடம் கேட்டு அதையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.